தோற்கிற அணியும் வளர்கிற அணியும்

(பழைய மாணவர் சங்கத்தின் போடிமெட்டுக் கூடுகையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதால் எனக்கு ஆபத்து அதிகம். வெளியே பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. இருட்டுவதற்குள் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே போடிக்கு இறங்க வேண்டியவர்கள் பாதிப்பேர். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் கல்லூரி ஹாக்கி அணியைச் சங்கம் எடுத்து நடத்த ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. பயிற்சியாளருக்கு மதிப்பூதியம், மட்டை, பந்து, கோல்கீப்பர் உடுப்பு, போக்குவரத்து எல்லாம் நம் செலவு. போன வருடம் மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோல்வி. இந்த வருடமும் முதல் சுற்றிலேயே தோல்வி, அதுவும் ஐந்துக்குப் பூஜ்யம். இன்று மாலைப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. பயிற்சியாளரை மாற்ற வேண்டும் அல்லது பணத்தை நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். கொண்டு வருகிற அண்ணன்மார்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கையிலிருந்து பணம் கொடுக்கிறவர்கள் கேள்வி கேட்கத்தான் வேண்டும். கேள்வியை எப்படிக் கேட்பது என்பதைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

ஒரு அணியைக் கலைத்துப் புதிதாகக் கட்டுகிற காலத்தில் அதன் நிர்வாகம் சரியாக நடக்கிறதா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜெயித்தால் நல்ல நிர்வாகம், தோற்றால் கெட்ட நிர்வாகம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கட்டுகிற காலத்தில் நல்ல நிர்வாகமும் தோற்கும், கெட்ட நிர்வாகமும் தோற்கும். ஸ்கோரை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

இதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றது. அகலப்பாதை ஆக்கப் போகிறோம் என்றார்கள். தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதம். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் போடியில் ரயில் இல்லை. நம்மில் பலர் பஸ் படிக்கட்டில் தொங்கிப் படித்தவர்கள். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் வேலை நடந்த நாட்களும் உண்டு, பணம் இல்லாமல் வேலை கிடந்த நாட்களும் உண்டு. "ரயில் வந்ததா?" என்று மட்டும் கேட்டால் இரண்டு காலத்துக்கும் பதில் ஒன்றுதான்: வரவில்லை. ஆனால் பாதையோரம் நடந்து போன ஆளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். ஜல்லி கொட்டியிருக்கிறதா, பாலத்துக்குத் தூண் எழும்புகிறதா, ஸ்லீப்பர் வந்து இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நான் கட்டுமானத் துறையில் இருக்கிறவன். எங்கள் தொழிலில் எம்-புக் என்று ஒன்று உண்டு. அளவைப் புத்தகம். செய்த வேலையை நேரில் போய் அளந்து அதில் எழுதினால்தான் பில் பாஸ் ஆகும். அதில் ஒரு முக்கியமான வழக்கம், மண்ணுக்குள் மூடப்படுகிற வேலையை மூடுவதற்கு முன்பே அளந்து எழுதிவிட வேண்டும். அஸ்திவாரம் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டால், உள்ளே எத்தனை கம்பி இருக்கிறது என்று அப்புறம் எவனாலும் சொல்ல முடியாது. கட்டடம் விரிசல் விட்ட பிறகு அளந்து பிரயோஜனம் இல்லை. அணி கட்டுவதும் இப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. முதல் இரண்டு மூன்று வருடத்து வேலை முழுக்க அஸ்திவார வேலை. வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது. அதை அளக்க வேண்டிய நேரம் அதுதான்.

இதைச் சொல்வதற்கு இந்திய ஆண்கள் ஹாக்கி அணியின் கதையை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஆரம்பித்து 1980 மாஸ்கோ வரை எட்டுத் தங்கம். மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணிக்குத் தலைவர் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். அதற்கு முந்தைய 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே ஹாக்கி செயற்கைப் புல்தரைக்கு மாறிவிட்டது. அங்கே நமக்கு ஏழாவது இடம். உலகம் தரையை மாற்றிக்கொண்டது, நம் பையன்கள் ஊரில் புல்லிலும் மண்ணிலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சரிவு மெதுவாக நடந்தது. மெதுவாக நடந்ததால்தான் பலருக்கு உறைக்கவில்லை.

2008 மார்ச் மாதம் சிலி நாட்டின் சாண்டியாகோவில் தகுதிச் சுற்று இறுதிப் போட்டி. பிரிட்டனிடம் இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். எண்பது வருடத்தில் முதல் முறையாக ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி இல்லை. அடுத்த மாதமே பழைய ஹாக்கி சம்மேளனத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது. 2009-ல் ஹாக்கி இந்தியா என்ற புது அமைப்பு வந்தது. அன்றைக்கும் எல்லாரும் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "புதிதாகக் கட்டுகிறோம்".

கட்டினார்களா? எம்-புக்கைத் திறந்து பார்ப்போம். 2010 ஜனவரியில், டில்லி உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருக்கும்போது, புனே முகாமில் வீரர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை என்று பயிற்சிக்கு இறங்க மறுத்தார்கள். அந்த உலகக் கோப்பையில் எட்டாவது இடம். அதே வருடம் காமன்வெல்த் இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் எட்டுக்குப் பூஜ்யம். பழைய சங்கம், புதுச் சங்கம் என்று இரண்டு பக்கம். ஒரு பக்கத்தின் ஆதரவில் 2012-ல் நடந்த தொடரை இன்னொரு பக்கம் ஏற்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஆட்டக்காரர்கள்.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 2012 பிப்ரவரியில் டில்லியில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்று இறுதியில் இந்தியா பிரான்ஸை எட்டுக்கு ஒன்று என்று அடித்தது. எட்டு கோல்! நாடே கொண்டாடியது. ஸ்கோரை வைத்து நிர்வாகத்துக்கு மார்க் போட்டிருந்தால் அன்றைக்கு நூற்றுக்கு நூறு. ஆறு மாதம் கழித்து லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய ஆறு ஆட்டத்திலும் தோல்வி. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

இதற்கு நேர் மாறான இன்னொரு கணக்கு. 2024 ஏப்ரலில் இந்திய அணி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் போய் ஐந்து டெஸ்ட் ஆடியது. ஐந்திலும் தோல்வி. ஒலிம்பிக்குக்கு நாலு மாதம்கூட இல்லை. அன்றைக்கு வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன் வீட்டுக்குப் போயிருப்பார். ஆகஸ்டில் பாரிஸில் அதே ஆஸ்திரேலியாவை மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தோம். ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை நாம் ஜெயித்தது 1972-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கடைசியில் ஸ்பெயினை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்து வெண்கலம்.

எட்டுக்கு ஒன்று ஜெயித்த அணி கடைசி இடம் போனது, ஐந்துக்கு ஐந்து தோற்ற அணி பதக்கம் வாங்கியது. ஆகவே கடைசியாக நடந்த ஆட்டத்தின் ஸ்கோரை வைத்து நிர்வாகத்தை அளந்தால், ஏமாற்றம் இரண்டு பக்கமும் வரும். கெட்டதை நல்லது என்று நினைப்போம், நல்லதைக் கெட்டது என்று கலைத்துவிடுவோம்.

சரி, ஸ்கோர் வேண்டாம் என்றால் எதைத்தான் அளப்பது? நான் நாலு விஷயம் சொல்கிறேன். நாலும் எம்-புக்கில் எழுதக்கூடியவை. ஆள் பார்த்து, தேதி போட்டு எழுதலாம்.

முதலாவது, நாற்றங்கால். இந்த மலைச்சரிவில் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் இங்கே நிறையப்பேர் இருக்கிறீர்கள். கிழட்டு ஏலச்செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைத்தால், முறையாகக் காய் எடுப்பது மூன்றாம் வருடத்திலிருந்துதான். முதல் வருடம் தோட்டத்துக்குப் போய்க் கிலோக் கணக்குக் கேட்கிறவனை எந்த விவசாயியும் மதிக்க மாட்டார். அதற்காக முதல் வருடம் தோட்டத்துப் பக்கமே போகாமலும் இருக்க மாட்டார். தூரில் புது முளை எத்தனை, நிழல் சரியாக இருக்கிறதா, அழுகல் விழுந்திருக்கிறதா என்று வாரா வாரம் ஜீப் ஏறிப் போய்ப் பார்ப்பார். காயைக் கேட்காத காலத்தில்தான் செடியை அதிகம் பார்க்க வேண்டும்.

இந்திய ஹாக்கியில் இது எப்படி நடந்தது என்று பாருங்கள். 2013 டில்லி ஜூனியர் உலகக் கோப்பையில் நமக்குப் பத்தாவது இடம். அந்த வருடம்தான் ஹாலந்துக்காரர் ரோலன்ட் ஓல்ட்மன்ஸ் உயர்திறன் இயக்குநராக வந்தார். ஹாக்கி இந்தியா லீக் ஆரம்பித்ததும் அதே வருடம். நம் பையன்கள் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களோடு ஒரே உடுப்புப் போட்டு ஆடினார்கள். மூன்று வருடம் கழித்து, 2016 டிசம்பரில் லக்னோவில் ஹரேந்திர சிங் பயிற்சியில் ஜூனியர் உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்தது. இறுதியில் பெல்ஜியம் தோற்றது. அந்த ஜூனியர் அணியிலிருந்த ஹர்மன்பிரீத், மன்தீப், வருண், சுமித், நீலகண்ட சர்மா, குர்ஜந்த், சிம்ரன்ஜீத் ஆகிய ஏழு பேர் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் அணியில் இருந்தார்கள். வெண்கலப் போட்டியில் ஜெர்மனியை ஐந்துக்கு நாலு என்று ஜெயித்தோமே, அதில் சிம்ரன்ஜீத் இரண்டு கோல் போட்டார். முதலில் அவர் ரிசர்வ் ஆட்டக்காரராகத்தான் போனார். நாற்பத்தொரு வருடத்துக்குப் பிறகு வந்த பதக்கம் அது. 2016-லேயே லக்னோவில் போய்ப் பார்த்தவனுக்கு அந்தப் பதக்கத்தின் முளை கண்ணில் பட்டிருக்கும்.

நம் பக்கத்துக்கு வந்தால் கோவில்பட்டி. அந்த ஊரில் ஹாக்கி ஒரு குடும்ப வழக்கம் மாதிரி. அங்கே அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது, செயற்கைப் புல்தரை இருக்கிறது. அந்த விடுதியில் வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூர்க்காரரான கார்த்தி செல்வமும் 2022-ல் ஆசியக் கோப்பைக்காக இந்திய உடுப்புப் போட்டார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். அதை ஒரு நாள் அதிசயம் என்று நினைக்கக்கூடாது. விடுதியில் விடிகாலையில் எழுப்பி ஓடவிட்ட வருடங்களின் கணக்கு அது.

இரண்டாவது, தோல்விக்குப் பிறகு யாரை வைத்துக்கொள்கிறார்கள். தோற்றவுடனே எல்லாரையும் துடைத்து எறிந்துவிட்டுப் புது ஆள் போடுவதுதான் கட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். லண்டனில் கடைசி இடம் பிடித்த அணியில் ஸ்ரீஜேஷ் இருந்தார், மன்பிரீத் சிங் இருந்தார். "அந்த அணியில் இருந்த ஒருவனும் வேண்டாம்" என்று அன்றைக்கு முடிவெடுத்திருந்தால் இருவரும் போயிருப்பார்கள். மன்பிரீத்தான் டோக்கியோவில் தலைவர். ஜெர்மனி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பெனால்டி கார்னரைத் தடுத்து நின்றவர் ஸ்ரீஜேஷ். பாரிஸ் வெண்கலத்தோடு அவர் ஓய்வு பெற்றார். 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தபோது இந்திய ஜூனியர் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். அந்த அணியும் வெண்கலம் வாங்கியது. ஒரு ஆளைக் கடைசி இடத்திலும் வைத்துக்கொண்டதற்குக் கிடைத்த வட்டி எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சொன்னது சொன்ன தேதியில் நடக்கிறதா. இது கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். சம்பளம், முகாம், மட்டை, மருத்துவர், பயணச் சீட்டு. 2010 புனேயில் இதுதான் உடைந்தது. 2018-ல் ஒடிசா அரசு இந்திய அணிகளுக்குப் புரவலராக வந்த பிறகு, ஆட்டக்காரன் தன் பணம் எப்போது வரும் என்று கவலைப்பட வேண்டிய நிலைமை மாறியது. புவனேஸ்வரத்தில் உலகக் கோப்பை, பிறகு ரூர்கேலாவில் பெரிய மைதானம் என்று வேலை தொடர்ந்தது. தோற்றதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். சொன்ன தேதியில் மட்டை வரவில்லை என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான், நிர்வாகம். எதிரணி அதில் குறுக்கே வர முடியாது. ஆகவே நிர்வாகத்தை அளப்பதற்கு இதைவிடச் சுத்தமான அளவுகோல் இல்லை.

நாலாவது, அடி விழுந்ததற்கு மறுநாள் என்ன செய்கிறார்கள். டோக்கியோவில் 2021 ஜூலை 25-ம் தேதி ஆஸ்திரேலியா நமக்கு ஏழு கோல் போட்டது, நாம் போட்டது ஒன்று. டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் நிறையப்பேர். இரண்டு நாள் கழித்து ஸ்பெயினை மூன்றுக்குப் பூஜ்யம். பிறகு அர்ஜென்டினா, ஜப்பான், காலிறுதியில் பிரிட்டன் என்று வரிசையாக ஜெயித்தார்கள். பயிற்சியாளர் கிரஹாம் ரீட் அந்த இரண்டு நாளில் அணியைத் தலைகீழாகப் புரட்டவில்லை. வைத்திருந்த திட்டத்தையே திருத்திக்கொண்டு ஆடினார்கள். பாரிஸ் காலிறுதியில் அமித் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை கிடைத்து, நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப்பேரோடு ஆட வேண்டி வந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று பிடித்து நிறுத்தி, ஷூட் அவுட்டில் ஜெயித்தார்கள். அதெல்லாம் அன்றைக்கு மைதானத்தில் முளைத்த தைரியம் இல்லை. முன்கூட்டியே ஒத்திகை பார்க்காத அணியால் அப்படி நிற்க முடியாது.

இங்கே ஒரு அண்ணன் எழுந்து கேட்கலாம்: "தம்பி, இவ்வளவு பேசுகிறாயே, இந்தக் காலத்தில் ஹாக்கி இந்தியா எத்தனை பயிற்சியாளரை மாற்றியது தெரியுமா?" நியாயமான கேள்வி. 2013-ல் மைக்கேல் நாப்ஸ் போனார். 2014-ல் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக்கொடுத்த சில வாரங்களிலேயே டெரி வால்ஷ் விலகினார். பால் வான் ஆஸ் 2015-ல் வந்தார், அதே வருடம் போனார். ஓல்ட்மன்ஸ் 2017 வரை. மரைன் சில மாதம். ஹரேந்திர சிங் சில மாதம். 2019-ல் ரீட். அடுக்கடுக்காக மாற்றம்தான். இதை நல்ல நிர்வாகம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் நாற்காலியில் ஆள் மாறினாலும் மாறாமல் இருந்தது என்ன என்று பார்க்க வேண்டும். வால்ஷ் போனபோதும் வான் ஆஸ் போனபோதும் ஓல்ட்மன்ஸ் இருந்தார். பெங்களூர் முகாம் இருந்தது. ஜூனியர் அணி வேலை தொடர்ந்தது. ஆட்டக்காரர்களில் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் கூடவே வந்தார்கள். வீட்டில் கூரை ஓட்டை அடிக்கடி மாற்றினார்கள், சுவரை இடிக்கவில்லை. இத்தனை மாற்றம் இல்லாமலிருந்தால் இன்னும் சீக்கிரம் ஏறியிருக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பயிற்சியாளரை மாற்றவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் சொந்த மண்ணில் உலகக் கோப்பை. நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்றுக் காலிறுதிக்கே போகவில்லை. டோக்கியோ பதக்கம் வாங்கிக்கொடுத்த ரீட் ராஜினாமா செய்தார், ஃபுல்டன் வந்தார். அதே வருடம் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம், சென்னையில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை, அடுத்த வருடம் பாரிஸ். ஆளை மாற்றியும் அணி குலையவில்லை, ஏனென்றால் கீழே அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. 2012-ல் அஸ்திவாரம் இல்லாததால் எந்த ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாலும் கஷ்டம்தான்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். "பொறுமையாக இருங்கள், கட்டிக்கொண்டிருக்கிறோம்" என்பது சோம்பேறி நிர்வாகத்துக்கு ரொம்ப வசதியான வார்த்தை. 2008-லிருந்து 2012 வரை அதைத்தான் சொன்னார்கள். பொறுமை கேட்கிறவரிடம் நாம் இரண்டு விஷயம் எழுதி வாங்க வேண்டும். எந்தத் தேதிக்குள் எந்த வேலை முடியும் என்பது ஒன்று. முடியாவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று. தேதி இல்லாத பொறுமை நம்மை ஏமாற்றுவதற்குக் கொடுக்கிற அனுமதி.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சங்கச் செயலாளரிடம் கேட்டு, அணியின் வருகைப் பதிவேட்டையும் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தேன். அந்த நாலு அளவையும் வைத்து அளந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

நாற்றங்கால். இந்த வருடம் ஆடிய பதினாறு பேரில் பதினோரு பேர் முதலாண்டு, இரண்டாமாண்டுப் பிள்ளைகள். நாலாமாண்டு மாணவன் ஒருவன்தான். பயிற்சியாளர் சீனியர்களை இறக்கி ஒரு சுற்றுத் தாண்டி நல்ல பெயர் வாங்கியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. காலை ஆறு மணிப் பயிற்சிக்கு முதல் வருடம் வந்தவர்களைவிட இந்த வருடம் வருகிறவர்கள் அதிகம். இது நல்ல முளை.

வைத்துக்கொண்டவர்கள். போன வருடம் முதல் சுற்றில் நாலு கோல் வாங்கிய கோல்கீப்பர் இந்த வருடமும் நின்றான். பலருக்கு அது பிடிக்கவில்லை. இந்த வருடம் ஐந்து வாங்கினான் என்பதும் உண்மை. அவன் இரண்டாமாண்டு மாணவன், இன்னும் இரண்டு வருடம் ஆட இருக்கிறான். அவன் தேறுவானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவனை நீக்கிவிட்டு வைப்பதற்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. இரண்டாவது கோல்கீப்பரை இதுவரை தயார் செய்யாதது பயிற்சியாளரின் குறை. அதை அவரிடமே சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

அடிக்கு மறுநாள். ஐந்து கோல் வாங்கிய மறுநாள் காலை ஆறு மணிக்குப் பயிற்சி நடந்திருக்கிறது. பதினாலு பேர் வந்திருக்கிறார்கள். பதிவேட்டில் இருக்கிறது.

கடைசியாக அந்த மூன்றாவது அளவு, சொன்னது சொன்ன தேதியில் நடந்ததா? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நம் கல்லூரி மைதானம் மண் மைதானம். மண்டலப் போட்டி நடப்பது செயற்கைப் புல்தரையில். மண்ணில் பந்து குதிக்கும், நிதானித்து அடிக்கலாம். புல்தரையில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், கண் சிமிட்டுவதற்குள் தாண்டிவிடும். இதற்காகத்தான் மாதம் ஒரு முறை பிள்ளைகளை மதுரைக்குக் கூட்டிப்போய்ப் புல்தரையில் ஆடவிட வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் சங்கமே தீர்மானம் போட்டது. இந்த வருடம் பத்து மாதத்தில் போனது நாலே தடவை. ஏன் என்று பார்த்தால், வேன் வாடகைக்கும் மைதானக் கட்டணத்துக்கும் சங்கத்திலிருந்து பணம் போய்ச் சேர்ந்ததே நாலு தடவைதான். பயிற்சியாளர் மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றும் கோப்பில் இருக்கின்றன.

யார் மேலும் குற்றம் சாட்டுவதற்காக இதை நான் சொல்லவில்லை. சந்தா வசூல் ஆவது கஷ்டம், எல்லாருக்கும் குடும்பம் உண்டு, கடன் உண்டு. ஆனால் அணியின் நிர்வாகம் என்றால் விசில் ஊதுகிற பயிற்சியாளர் மட்டும் இல்லை. பணம் கொடுக்கிற சங்கமும் நிர்வாகம்தான். மான்ட்ரியலில் இந்தியாவுக்கு நடந்தது, சின்ன அளவில் நம் பிள்ளைகளுக்கும் நடக்கிறது. வேறு தரையில் பழகிவிட்டு வேறு தரையில் போய் ஆடுகிறார்கள். இந்த நிலையில் பயிற்சியாளரை மட்டும் மாற்றினால், புதிதாக வருகிறவரும் இதே மண்ணில்தான் பழக்குவார். அடுத்த வருடம் இதே மாதிரி ஒரு கூட்டத்தில் அவரையும் மாற்ற ஒரு தீர்மானம் வரும்.

ஆகவே மாலைத் தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் முன்மொழிய உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். பயிற்சியாளருக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுப்போம். அந்த இரண்டு வருடத்துக்கு நிபந்தனைகள் எழுத்தில் இருக்கட்டும். அவர் பக்கம்: இரண்டாவது கோல்கீப்பர் ஒருவனை ஆறு மாதத்துக்குள் தயார் செய்ய வேண்டும், பதினாறு பேரில் பாதிக்குக் குறையாமல் முதல் இரண்டாண்டு மாணவர்கள் இருக்க வேண்டும், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒரு வாரத்துக்குள் என்ன மாற்றினார் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் பக்கம்: மதுரைப் பயணத்துக்கான வருடப் பணத்தை ஜூன் மாதமே மொத்தமாக வங்கியில் போட்டுவிட வேண்டும். மாதா மாதம் கையேந்த விடக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நம்மில் இருவர் நேரில் போய்ப் பார்த்து அளந்து எழுத வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்து ஸ்கோர் கேட்டு எழுதுவது செல்லாது.

இரண்டு வருடம் முடிந்து, நம் பக்கத்தை நாம் செய்து, அவர் பக்கத்தை அவர் செய்யாமல் இருந்தால், அவரை மாற்றும் தீர்மானத்தை நானே கொண்டு வருகிறேன். இரண்டு பக்கமும் செய்தும் அணி முதல் சுற்றைத் தாண்டவில்லை என்றால், பணத்தை வேறு நல்ல காரியத்துக்குக் கொடுப்பதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். அப்போது நாம் எடுக்கிற முடிவு கோபத்தில் எடுத்ததாக இருக்காது, அளந்து எடுத்ததாக இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் அணியின் பிள்ளைகள் நாலுபேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பரிமாற வந்தவர்கள் என்று சிலர் நினைத்துவிட்டீர்கள். தம்பிகளா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர்கள் இரண்டு வருடம் கொடுத்தார்கள் என்றால் அது தோற்பதற்கு லைசென்ஸ் இல்லை. புல்தரையில் பந்து வேகமாக வரும். அதற்குக் காலைத் தயார் செய்துகொள்ளுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.